தபால் மெஷினும் மோத்தாவும்

நீங்களே சொல்லுங்க தம்பி. ஒரு மனுசனப் பாத்து இன்னொரு மனுசன் 'பாவம்'னு சொல்லலாமா? தனியா இருக்கும்போது சொன்னாக்கூடப் பரவால்ல. மீட்டிங்குல, மேடம் முன்னால, அத்தன செக்சன்காரனும் சுத்தி உக்காந்திருக்கும்போது சொன்னான். மோத்தா. எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கான். அவன்கிட்ட நான் பேசுறதில்ல.

நீங்க சும்மா 'எங்க வேல பாக்கீங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டீங்க, நான் பாட்டுக்கு ஆரம்பிச்சிட்டேன். இருக்கட்டும். பஸ் இப்பதான முள்ளக்காடு தாண்டுது, திருச்செந்தூர் போக நேரம் கெடக்கு. சொல்லுதேன்.

எம்பேரு சிவசைலம். தூத்துக்குடியில ஒரு ஷிப்பிங் ஏஜென்சி, பாத்துக்கிடுங்க. கப்பல் வந்தா சரக்க எறக்குறது, கஸ்டம்ஸ் வேல முடிக்கிறது, லாரியில ஏத்தி விடுறது எல்லாம் நாங்கதான். மூணு மாடி. அதுல தபால் பிரிவு என்னுது. பிரிவுன்னா நான் ஒருத்தன்தான். ஆனா பிரிவு பிரிவுதான? காலையில தபால்காரர் ஒரு கட்டு கொண்டாந்து போடுவாரு. அப்புறம் கூரியர்காரனுவ ஒவ்வொருத்தனா வருவான். எல்லாத்தையும் செக்சன் வாரியாப் பிரிச்சி, மாடி மாடியா நானே கொண்டுபோயிக் குடுப்பேன். மேசையில வீசிட்டு வாற ஆளு இல்ல நான். 'யம்மா, ஒங்க தம்பி எழுதிருக்காப்ல, கையெழுத்து ஒரு மாதிரி இருக்கு, என்னன்னு பாருங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லித்தான் குடுப்பேன். அது எல்லாருக்கும் பிடிக்கும். ஒண்ணு ரெண்டு பேருக்குப் பிடிக்காது. 'அண்ணாச்சி, நீங்க கவர மட்டுந்தான படிக்கீங்க?'ன்னு ஒருத்தி கேட்டா. நன்றி கெட்ட ஒலகம்.

மோத்தாவும் நானும் ஒரே வருசம் வேலைக்குச் சேந்தவங்க. மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம், ஒரே மேசை. அப்பவே நான் அவனப் புரிஞ்சிருக்கணும். நான் சைவம். அவன் டப்பாவத் தொறந்தா சீலா மீனு. தொறந்த ஒடனே எந்திரிச்சிப் போயி ஜன்னல் பக்கத்து நாற்காலியப் புடிச்சிக்கிடுவான். மீன் வாடையெல்லாம் வெளிய போயிரும், நல்லா கடக்காத்து அவன் மேல அடிக்கும். நான் இந்தப் பக்கம் வேர்த்து வடிஞ்சிக்கிட்டு சாப்பிடுவேன். எத்தன வருசம்! ஒரு நாளாவது 'வே சைலம், நீரு காத்துல உக்காரும்'னு சொன்னதில்ல.

சரி, விசயத்துக்கு வாரேன்.

எங்க மேடம் பேரு ஜெனிட்டா. பெரிய முதலாளியோட மக. சின்னப் புள்ளையில ஆபீஸுக்கு வந்து என் மேசைக்கு அடியில ஒளிஞ்சி வெளையாடுன புள்ள. அவரு ஒடம்புக்கு முடியாமப் போன பொறவு இதுதான் எல்லாம் பாக்கு. ஒரு நாளு கொச்சியில இருந்து ஒரு கப்பல் கம்பெனிப் பெரிய மனுசன் வாராரு. பெரிய பார்ட்டி. 'இன்ன நாளு, இன்ன பிளேன்ல வாரேன்'னு முன்கூட்டியே லெட்டர் போட்டிருக்காரு. மேடத்துக்கு அந்த லெட்டர் போய்ச் சேரல. மனுசன் ஏர்போர்ட்ல நின்னு நின்னு பாத்துட்டு, கடைசியில ஷேர் ஆட்டோவுல, மடியில சூட்கேஸ வச்சிக்கிட்டு, பக்கத்துல ஒரு அம்மா கோழிக் கூடையோட உக்காந்திருக்க, ஆபீஸ் வாசல்ல வந்து எறங்குதாரு. கோட்டுல கோழி ரெக்க ஒட்டிருக்கு.

லெட்டர் எங்கன்னு தேடுனா, ஒர்க்‌ஷாப்ல படகு இஞ்சின் ரிப்பேர் பாக்குற மெரைன் டீசல் செக்சன்ல டீ கிளாசுக்கு அடியில கெடக்கு. கவர்ல என்ன எழுதியிருக்கு? 'எம்.டி.' அவ்வளவுதான். எம்.டி.ன்னா மெரைன் டீசல். நான் வேற என்ன நெனைக்க? மேனேஜிங் டைரக்டர்னு முழுசா எழுத அவருக்குக் கை வலிக்குதா? நீங்களே சொல்லுங்க.

மறுநா மீட்டிங். மேடம் கோவப்படல. அந்தப் புள்ள கொணம் அப்பிடி. 'அங்கிள், யாரு தப்புன்னு நான் கேக்கல. தபால் ரொம்பக் கூடிப் போச்சு. பிரிக்கிறதுக்கு நல்லதா ஏதாவது எக்யூப்மென்ட் வாங்கிருவோம். என்ன வாங்கலாம்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க'ன்னு சொல்லிச்சு. எனக்கு நெஞ்சு இம்புட்டுக்கு வந்துட்டு. இத்தன வருசத்துல பேனா வாங்கக்கூட என்னைய முடிவு பண்ணச் சொன்னதில்ல.

அப்பத்தான் இவன் வாயத் தொறந்தான். 'மேடம், பெருசால்லாம் ஒண்ணும் வேண்டாம். செவுத்தோரமா கட்டம் கட்டமா ஒரு மர ரேக் அடிச்சி, ஒவ்வொரு கட்டத்துலயும் செக்சன் பேர எழுதிட்டாப் போதும். எம் மச்சினன் தச்சு வேலதான் பாக்கான், நல்லா செஞ்சி தருவான். இப்ப சைலம் தரையில குத்த வச்சி, அத்தனையும் பரப்பி வச்சிப் பிரிக்காரு, பாவம்.'

பாவம்! அத்தன பேரும் திரும்பி என் முட்டியப் பாக்காங்க தம்பி. பேண்ட்ல முட்டிப் பக்கம் தரை அழுக்கு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வாங்குனா மெஷின். மோத்தா சொன்ன அந்தப் புறாக்கூண்டு மட்டும் இந்த ஆபீஸ் வாசப்படி மிதிக்கக் கூடாது.

விசாரிச்சேன். சும்மா இல்ல, நல்லா விசாரிச்சேன். தட்டு தட்டா அடுக்குற மேசை ஒண்ணு இருக்கு, சக்கரம் வச்ச தள்ளுவண்டி ஒண்ணு இருக்கு. எல்லாம் பாத்தேன். கடைசியில மெஷினப் பத்தி ஒரு புத்தகம் வந்துச்சு, வழுவழுன்னு தாளு. மெட்ராஸ் கம்பெனி. போன் போட்டேன். பிரசன்னான்னு ஒரு பையன் எடுத்தான். 'சார், உங்க ஆபீஸ்ல டிசிஷன் மேக்கர் யாரு?'ன்னு கேட்டான். சட்டக் காலர இழுத்து விட்டுக்கிட்டு, 'நான்தான்'னு சொன்னேன். சொல்லும்போது ஒடம்பு சிலுத்துச்சு.

மெட்ராஸுக்கே வரச் சொல்லி மெஷின ஓட்டிக் காமிச்சாங்க. ஏசி ரூம். ஆரஞ்சு ஜூஸ். மெஷின் என்ன நீளங்கீங்க, இந்த டிரைவர் சீட்டுல இருந்து நம்ம சீட்டு வர இருக்கும். ஒரு பக்கம் கவர அடுக்கி வச்சா, பெல்ட்டு இழுக்கு, ஒரு கேமரா விலாசத்தப் படிக்கு, அந்தந்தப் பெட்டியில சரக் சரக்குன்னு போடுது, சீட்டுப் போட்ட மாதிரி. எல்லாம் வெள்ளக் கவரு, ஒரே அளவு, டைப் அடிச்ச விலாசம். கண்ணுல ஒத்திக்கலாம்.

'ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?'ன்னு பிரசன்னா கேட்டான். நானா விடுவேன்? 'என்ன கலர்ல வரும்?'னு கேட்டேன். நீலமும் உண்டு, சாம்பலும் உண்டுன்னான். நீலம்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு மாசம் வச்சிப் பாத்துட்டு அப்புறம் வாங்கிக்கிடலாம்னு ஏற்பாடு.

மெஷின் வந்து எறங்குன அன்னைக்கு ஆபீஸே திரண்டுட்டு. மால போட்டு, சந்தனம் வச்சி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சி நசுக்குனேன். மேடம் பட்டன அழுத்துச்சு. பச்ச லைட்டு எரிஞ்சிச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. மோத்தாவும் தட்டுனான், மெதுவா.

மறுநாள்லேர்ந்து நெஜமான தபால். எங்க தபால் எப்பிடின்னா, காக்கிக் கவரு, நூலு சுத்துன கவரு, உப்பளத்துக்காரரு கையால தமிழ்ல கிறுக்குன விலாசம், சீல் விழுந்து பாதி அழிஞ்ச விலாசம். மெஷின் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துச்சு. பாத்துட்டு, கடைசியில ஒரு பெட்டி இருக்கு பாருங்க, தெரியாததெல்லாம் போடுற பெட்டி, அதுல போட்டுச்சு. அடுத்ததையும் அதுல போட்டுச்சு. அதுக்கு அடுத்ததையும். பேங்க்குல இருந்து வாற வெள்ளக் கவர மட்டும் சரியாப் போட்டுச்சு.

இதுல மெஷினக் கொற சொல்லக் கூடாது தம்பி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுது. எந்த மனுசன் அப்பிடிச் சொல்லுதான்?

ஆனா மோத்தா மாடிப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கான்.  அதனால மெஷினுக்கு நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன். வேற ஒண்ணுமில்ல. மொத பஸ்ஸப் புடிச்சி, கூட்டிப் பெருக்குற ஆளு வர்றதுக்கு முன்னாலயே ஆபீஸுக்குப் போயிருவேன். முந்துன நாளு வந்த தபால அத்தனையும் மெஷினுக்குப் பின்னால தரையில பரப்பி, முட்டி போட்டுப் பிரிச்சி, அந்தந்தப் பெட்டியில நானே வச்சிருவேன். ஆளுக வந்த பொறவு நாலு பேங்க் கவர மட்டும் உள்ள விட்டு பெல்ட்ட ஓட்டுவேன். பச்ச லைட்டு எரியும். பாக்கிறவங்க, 'அண்ணாச்சி, என்ன வேகம்!'ம்பாங்க. முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஆனா ஒரு கவர் மாறல. வெளியூருல இருந்து பார்ட்டி வந்தா, மேடம் கூட்டிட்டு வந்து மெஷினக் காமிக்கும். நான் பக்கத்துல நின்னு, பிரசன்னா சொன்னத அப்பிடியே சொல்லுவேன்.

இந்தா, முக்காணிப் பாலம். ஆத்துல தண்ணி பரவால்ல, என்ன?

ஒரு நாளு காலையில நான் தரையில முட்டி போட்டு உக்காந்திருக்கேன், சுத்திலும் கவரு. நிழலாடுச்சு. நிமிந்து பாத்தா மோத்தா. கணக்கு முடிக்கணும்னு சீக்கிரம் வந்தானாம். வேவு பாக்க வந்திருக்கான், அது எனக்குத் தெரியாதா?   தரையில கெடந்த கவரையும் என் முட்டியையும் மாறி மாறிப் பாத்தான். அப்புறம் போனான். திரும்பி வந்து, ஒரு டீய என் பக்கத்துல வச்சான். அவன் நாற்காலியில மூலத்துக்காக ஒரு மெத்த போட்டு வச்சிருப்பான், அதக் கொண்டாந்து என் முட்டிகிட்ட எறிஞ்சான். குடுக்கல தம்பி, எறிஞ்சான். 'வே, எதுக்குவே இந்தக் கூத்து?'ன்னு ஒரே ஒரு கேள்வி. நான், 'மெஷின சர்வீஸ் பண்ணுதேன்'னு சொன்னேன். டீயக் குடிக்காம விட்டுருக்கணும். குளிரு, குடிச்சிட்டேன்.

மாசக் கடைசியில மீட்டிங். மேடம் மொகம் பூரா சிரிப்பு. 'இந்த மாசம் ஒரு தபால்கூட மாறல. மெஷின வாங்கிருவோம். சைலம் அங்கிள் செலக்‌ஷன் பிரமாதம்'னு சொல்லிச்சு. கை தட்டுனாங்க. நான் மோத்தாவப் பாத்தேன். பாத்துக்கோடான்னு ஒரு பார்வ.

மேடம் இன்னும் முடிக்கல. 'அங்கிள் இனிமே குனிஞ்சி நிமிந்து கஷ்டப்பட வேண்டாம். தபால மெஷினே பாத்துக்கிடும், ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு பட்டன அழுத்துனாப் போதும். அங்கிள ஹார்பர் கேட்டுல நம்ம ஷெட்டுல போட்டிருக்கேன். லாரி போறத வாறதப் பாத்துக்கிட்டு ரெஸ்டா இருக்கலாம்.'

தம்பி, அந்த ஷெட்ட நீங்க பாத்ததில்ல. பழைய கண்டெய்னர் பெட்டி ஒண்ணு, அதுல ஜன்னல் வெட்டி வச்சிருக்கு. சுத்தி நிலக்கரித் தூசி. மனுச மக்கன்னு யாரும் கெடையாது, லாரி டிரைவர் ஹார்ன் அடிச்சா கைய ஆட்டணும். அங்க தபாலே வராது. யாருக்கும் ஒண்ணும் கொண்டுபோயிக் குடுக்க வேண்டாம், யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்ல வேண்டாம். 

என்ன சொல்லச் சொல்லுதீங்க? மெஷின் பிரிக்கல, நான்தான் பிரிச்சேன்னு சொன்னா மோத்தா ஜெயிச்சிட்டான்னு ஆயிரும். மெஷின்தான் பிரிச்சிச்சுன்னா கண்டெய்னர் பெட்டி. யோசிச்சேன். பெட்டியே பரவால்லன்னு முடிவு பண்ணி, 'ரொம்பத் தேங்க்ஸ் மேடம்'னு சொல்லிட்டேன். கண்ணு கலங்கிருச்சுன்னு நெனைக்கேன். ஏசி காத்து ஒத்துக்கிடல.

அப்ப எந்திரிச்சான் பாருங்க. 'மேடம், அந்த மெஷின் ஒண்ணத்தையும் பிரிக்கல. இந்த ஒரு மாசமும் காலையில வந்து தரையில உக்காந்து பிரிச்சது சைலம். அவர அனுப்பிராதீங்க. நம்பலைன்னா இன்னைக்கு வந்த தபால அப்பிடியே அதுல போட்டுப் பாருங்க'ன்னு சொல்லிட்டான்!

எல்லாரும் கீழ எறங்கி வந்துட்டாங்க. அன்னைக்குக் கூரியர்ல வந்த கட்டு அவுக்காம அப்பிடியே இருக்கு. மேடமே அள்ளி அடுக்குச்சு. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதேன், யாரும் கேக்கல. நாலஞ்சு கவரு ஒழுங்காப் போயி கடைசிப் பெட்டியில விழுந்துச்சு. அடுத்து ஒரு தடிச்ச கவரு. ஆப்பிரிக்காவுல இருந்து வாற முந்திரிக்கொட்டைக்கு சாம்பிள் அனுப்புவாங்க, ஓட்டோட. அது பெல்ட்டுல சிக்கிக்கிட்டு. மெஷின் 'உர்ர்ர்'னுச்சு. சேப்பு லைட்டு. நான் பட்டன அழுத்துறதுக்குள்ள கவர் கிழிஞ்சி, முந்திரிக்கொட்டை நாலா பக்கமும் தெறிக்கு! துப்பாக்கியில சுட்ட மாதிரி. ரிசப்ஷன் பொண்ணு மேசைக்கு அடியில போயிட்டு. பெரிய முதலாளி படத்துக் கண்ணாடி ஒடஞ்சிட்டு. மோத்தா நெத்தியில ஒண்ணு, 'டொப்'புன்னு. அது ஒண்ணுதான் அந்த மெஷின் சரியான விலாசத்துல குடுத்தது.

மேடம் என் பக்கம் திரும்பி, மெதுவா, 'அப்ப ஒரு மாசமா பிரிச்சது யாரு அங்கிள்?'னு கேட்டுச்சு.

'மெஷின்தான் மேடம். இன்னைக்கு அதுக்கு ஒடம்பு சரியில்ல'ன்னு சொன்னேன்.

யாரும் சிரிக்கல தம்பி. சிரிச்சிருந்தாக்கூடத் தேவல. மேடம் வந்து என் கையப் புடிச்சி, 'நீங்க எங்கயும் போக வேண்டாம் அங்கிள்'னு சொல்லிட்டு மேல போயிட்டு. மெஷினத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏத்தும்போது நான் பாக்கல.

என் மானத்த நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். அத நாலு பேரு முன்னால எடுத்து உதறிட்டான். அவனுக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்? அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு.

அதோட விட்டானா? புறாக்கூண்டு செய்ய ஆளக் கூட்டிட்டு வந்துட்டான். அவனும் அவன் மச்சினனும் டேப்ப வச்சிக்கிட்டு என்னைய அளவெடுக்காங்க. தோள் எவ்வளவு ஒசரம், கைய நீட்டுனா எவ்வளவு தூரம், உக்காந்தா எவ்வளவு. செவுத்துக்கு ரேக்கா, எனக்கு சட்டையா? செஞ்சி வந்தது என்னன்னா, மேல் வரிச என் தோளத் தாண்டல, கீழ் வரிச என் இடுப்புக்குக் கீழ எறங்கல. குனியவே வேண்டாம், எம்பவே வேண்டாம். அதுக்கு என்ன அர்த்தம்? இவன் குட்டை, இவனுக்கு முதுகு போச்சுன்னு ஆபீஸுக்கே வெளம்பரம். முதுகு சாய ஒரு ஸ்டூல் வேற. எம்.டி.ங்கிற கட்டத்த இந்த மூலையில, மெரைன் டீசல அந்த மூலையில. குத்திக் காட்டுதான்!

அதுக்கப்புறம் ஒரு தபால் மாறல, அது உண்ம. ரேக்காலன்னு சொல்லிராதீங்க. என் கை ராசி. முதுகு வலியும் போயிட்டு, அது ஒரு தைலம் தேச்சேன்.

மத்தியானம் இப்ப நான் வேற மேசையில சாப்பிடுதேன். அவன் அதே ஜன்னலோரம். எதுக்கால என் நாற்காலியக் காலியாப் போட்டு வச்சிருக்கான், யாரையும் உக்கார விட மாட்டான். எடத்த அடைக்கிறதுல அப்பிடி ஒரு ஆச.

போன மாசம் பாருங்க, தபால் பிரிச்சிக்கிட்டே வாரேன், எம் பேருக்கு ஒரு கவரு. எனக்கு யாரு தபால் போடுவா? பிரிச்சா, மோத்தா மகளுக்குக் கல்யாணம். மணப்பாட்டுல, மாதா கோயில்ல. ஒரே கட்டடம் தம்பி, ரெண்டு மாடி எறங்குனா என் ரேக். அதுக்கு ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில போட்டிருக்கான். நேர்ல நீட்டுனா வாங்க மாட்டேன்னு தெரியும். தபால்ல வந்தா நான் வாங்கித்தான ஆகணும், என் வேலையே அதான? என்ன தந்திரம்! விலாசம் எப்பிடி எழுதியிருக்கான் தெரியுமா? 'உயர்திரு சிவசைலம் அவர்கள், தலைவர், தபால் பிரிவு.' தலைவராம். கேலி. அடியில பேனாவால, 'சைவச் சாப்பாடு தனிப் பந்தி, தனி சமையல்காரர்'னு எழுதியிருக்கான். கல்யாணப் பத்திரிகையில எழுதுற விசயமா இது?

வீட்டுல காமிச்சேன். அவ படிச்சிட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டு, பீரோவத் தொறந்து என் பட்டு வேட்டிய எடுத்து வெயில்ல போட்டுட்டா. பொம்பளைகளுக்கு ஒண்ணும் புரியாது.

இந்தா, திருச்செந்தூர் வந்துட்டு. நீங்க அந்தப் பக்கம் எறங்கி நேராப் போனா கோயிலு. நான் இங்கனயே நின்னு மணப்பாட்டு பஸ்ஸப் புடிக்கணும்.

என்ன தம்பி முழிக்கீங்க? கல்யாணத்துக்குத்தான் போறேன். மொத வரிசையில உக்காருவேன், அவன் கண்ணுக்கு நேரா. நான் அவன்கூடப் பேசலங்கிறது அவனுக்குத் தெரியணும்லா? வீட்டுல உக்காந்துக்கிட்டுப் பேசாம இருந்தா அவனுக்கு எப்பிடித் தெரியும்?